வெள்ளைப் புழுவா, மஞ்சள் புழுவா

ஏப்ரல் 5

ஆய்வகத்தில் கையெழுத்துப் போடும் அம்மணிக்கு,

முந்தாநாள் உங்கள் அலுவலகத்து உத்தரவு வந்து சேர்ந்தது. எங்கள் உருளைக்கிழங்கு வயல் மண்ணில் வேர்ப்புழுவின் கூடு இருக்கிறதாம். அதுவும் வெள்ளை வகையாம். அதற்குத் தாக்குப்பிடிக்கிற உருளை ரகமே கிடையாதாம். அதனால் நட்டு மூன்று வாரமான பயிரைப் பிடுங்கி எரிக்க வேண்டுமாம். ஏழு வருஷத்துக்கு அந்த மண்ணில் உருளையே வைக்கக் கூடாதாம். முறையீடு இருந்தால் மே பதினெட்டுக்குள் கொடுக்கலாமாம். இத்தனைக்கும் கீழே ஒரு கையெழுத்து. யாருடையது என்று பார்த்தால், என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கையுடையது!

உன் அண்ணனிடம் காகிதத்தை நீட்டினேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். "பாப்பா கையெழுத்து நல்லா திருந்திடுச்சு இல்ல?" என்றார். அன்றைக்கு நான் அவருக்குச் சாப்பாடு போடவில்லை. அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார், அதுவும் இரண்டு தடவை.

நீ நாலு தடவை போன் செய்தாய். எடுக்கமாட்டேன். போனில் பேசினால் நாளைக்கு, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே அண்ணி" என்பாய். எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். கல்யாணமும் வேண்டாம், நிலத்தில் பங்கும் வேண்டாம், படிப்பு போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவள் நீ. எல்லோரும் பெருந்தன்மை என்று மெச்சினார்கள். நானும்தான் மெச்சினேன். இப்போது யாருக்குமே வேண்டாத நிலமாக அதை ஆக்கிவிட்டாய்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். பயிரைப் பிடுங்கமாட்டேன். ஒரு செடிகூட.

உன் அண்ணி

---

ஏப்ரல் 9

அண்ணிக்கு,

நல்லதாயிற்று, எழுத்தே இருக்கட்டும். சொந்தக்காரர் நிலம் என்றால் நாங்கள் அதில் கால் வைக்கக் கூடாது, வழக்கைப் பற்றி அவர்களோடு பேசவும் கூடாது என்று இங்கே விதி. எழுதக் கூடாது என்று இல்லை. விதி எழுதியவருக்கு நீங்கள் ஞாபகத்தில் இல்லை போலிருக்கிறது.

உத்தரவில் கூடு என்று போட்டிருக்கிறார்களே, அது யாரும் கட்டிய கூடு இல்லை. தாயின் உடம்பு. முட்டையிலிருந்து வரும் குட்டிப்புழு கண்ணுக்கே தெரியாத நூல் துண்டு. உருளை வேரின் வாசனை மண்ணில் பரவினால்தான் அது வெளியே வரும். வேரைக் குத்திக்கொண்டு உள்ளே போய் ஓரிடத்தில் உட்காரும். அதன் எச்சில் பட்டதும் பக்கத்துச் செல்களின் சுவரெல்லாம் இடிந்து, எல்லாம் ஒன்றாகி, அதற்கு ஒரு சமையலறை ஆகிவிடும். பிறகு அது நகராது. குடிக்கும், பருக்கும், தோல் உரிக்கும், மேலும் பருக்கும். சாப்பாடு போதாத இடத்தில் உட்கார்ந்தவை பெரும்பாலும் ஆணாகிவிடும். ஆண் மெலிந்த புழுவாகவே வேரை விட்டுக் கிளம்பிவிடும். பெண் மட்டும் உருண்டையாகி, வேரின் தோல் வெடித்து, உடம்பு வெளியே வந்துவிடும். கழுத்தும் தலையும் உள்ளேயே இருக்கும்.

ஆண் வந்து போனபின் அவள் வயிறு முழுக்க முட்டை, முந்நூறு நானூறு. அவள் அவற்றை மண்ணில் இடுவதில்லை. உள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போகிறாள். செத்தபின் அவள் தோல் பதனிட்ட தோலைப்போல இறுகிப் பழுப்பாகி, வேரிலிருந்து உதிர்ந்துவிடும். கசகசாவில் பாதிதான் இருக்கும். அதற்குள் பிள்ளைகள் பத்து வருஷத்துக்கு மேலும் காத்திருக்கும். வெயிலோ பனியோ மருந்தோ அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம்.

இதில் இரண்டு வகை. ஒன்று பழுப்பாகும் முன் நல்ல மஞ்சளாக இருக்கும். இன்னொன்று மஞ்சளே காட்டாது. மஞ்சள் வகைக்கு எதிர்ப்பு ரகம் உண்டு. அந்த ரகத்தின் வேர் புழுவை எழுப்பும், உள்ளே விடும், சாப்பாடு மட்டும் போடாது. மஞ்சள் என்று நிரூபித்தால் இப்போது நிற்கும் பயிர் தப்பிக்கும், அடுத்த வருஷம் அந்த ரகத்தை நடலாம். எங்களிடம் வருவது காய்ந்த மண். காய்ந்தபின் இரண்டும் ஒரே பழுப்பு. வால்பக்கத் தோலை வெட்டி, அதிலிருக்கும் கோடுகளை எண்ணித்தான் வகை சொல்கிறோம்.

நீங்கள் வேரிலேயே பாருங்கள். செடியை மண்ணோடு தோண்டி, மெதுவாக உதறி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். கண்டதை எனக்கு எழுதுங்கள்.

பாப்பா

---

ஏப்ரல் 19

பாப்பாவுக்கு,

வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தே செத்துப்போவாளாம், அவன் மட்டும் மெலிந்த உடம்போடு ஊர் சுற்றுவானாம். மூன்று பெற்றவளுக்கு இதை நீ பாடம் எடுக்கிறாய். உன் அண்ணனிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பார்த்துவிட்டேன். உரப் பையில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க உன் அண்ணன் வைத்திருக்கும் லென்ஸால், இன்று காலை பத்துச் செடி தோண்டிப் பார்த்தேன். நட்டு முப்பத்தெட்டு நாள். எல்லாமே மஞ்சள்! சும்மா தகதக என்று மின்னுகிறது. வெள்ளை ஒன்றுகூட இல்லை. இதை அப்படியே முறையீடாக எழுதி, உன் அண்ணனிடம் கையெழுத்து வாங்கி, இன்றைக்கே உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர் எதற்குக் கையெழுத்து என்றுகூடக் கேட்கவில்லை. குடும்பத்தில் ஒருத்தருக்காவது என்மேல் சந்தேகம் இல்லாமல் இருந்தால் சரி.

உன் அண்ணி

---

ஏப்ரல் 23

அண்ணி,

நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

வேரைப் பிளந்து வெளியே வரும்போது இரண்டு வகையும் வெள்ளைதான். ஒன்று விடாமல் வெள்ளை. மஞ்சள் வகைக்கு மஞ்சள் வரப் பிறகும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இந்தக் குளிரில் முப்பத்தெட்டாம் நாள் எதுவுமே வெளியே தெரியாது. இதை வேண்டுமென்றேதான் போன கடிதத்தில் எழுதாமல் விட்டேன். உங்களை எனக்குத் தெரியும்.

உங்கள் முறையீடு நேற்று என் மேசைக்கு வந்தது. எங்கள் ஆய்வகத் தலைவர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். "உங்க அண்ணி வயல்ல மட்டும் புழு பிறக்கும்போதே நகை போட்டுக்கிட்டுதான் பிறக்குமாம்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். இனி நீங்கள் நிஜமாகவே மஞ்சளைப் பார்த்தாலும் யார் நம்புவார்கள்? கையில் இருந்த ஒரே வழியையும் நீங்களே அடைத்துவிட்டீர்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வருகிறது, ஆனால் உங்களிடம் அழமாட்டேன்.

பாப்பா

---

ஏப்ரல் 29

பாப்பாவுக்கு,

ஆமாம், பொய்தான். ஒரு செடிகூடத் தோண்டவில்லை. சமையலறையில் உட்கார்ந்து எழுதினேன். இப்போது என்ன செய்யப் போகிறாய்? அண்ணியைச் சோதித்துப் பார்க்க வலை விரித்தவள் நீ. வலையில் விழுந்தவள் நான். இரண்டு பேருக்கும் அழகுதான்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே வயலுக்குப் போனேன். தினமும் இரண்டு செடி. நாற்பத்து மூன்றாம் நாள் ஒன்றுமில்லை, நாற்பத்தைந்திலும் ஒன்றுமில்லை. நேற்று, நாற்பத்தேழாம் நாள், வேரில் உப்பு ஒட்டியிருக்கிறது என்று ஊதினேன். போகவில்லை. லென்ஸ் வைத்தேன். உருண்டை, பால் வெள்ளை, வழவழவென்று. தையல் நூலைவிட மெல்லிய வேரைக் கழுத்தால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நகத்தால் அழுத்தினேன், பால் மாதிரி பிதுங்கியது. ஒரு வேரில் பதினான்கு எண்ணினேன். என் பயிரைக் குடித்துத்தான் இப்படிப் பருத்திருக்கிறாள். ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் லென்ஸை எடுக்க மனசு வரவில்லை, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன வியாழக்கிழமை பயிரைப் பிடுங்க இரண்டு பேர் காகிதத்தோடு வந்தார்கள். வரப்பில் உட்கார்ந்துகொண்டேன். "மே பதினெட்டு வரைக்கும் கெடு இருக்குன்னு உங்க காகிதமே சொல்லுது. அதுவரைக்கும் என்னைத் தாண்டிப் போய்த்தான் பிடுங்கணும்," என்றேன். உன் அண்ணனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் போய்விட்டார்கள்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். உன் அறிக்கை சரி என்றால், வேரைப் பார் வேரைப் பார் என்று என்னை எதற்கு ஏவினாய்?

உன் அண்ணி

---

மே 3

அண்ணிக்கு,

இந்தக் கேள்வியைத்தான் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

ஒரு வயலுக்கு இருபத்தைந்து கூடுகளையாவது வெட்டி எண்ண வேண்டும். உங்கள் வயலுக்கு நான் எண்ணியது ஆறு. மற்றவை காய்ந்து போயிருந்ததால் வெட்டும்போதே நொறுங்கிவிட்டன. கோடு குறைவாக இருந்தால் வெள்ளை, அதிகமாக இருந்தால் மஞ்சள். எனக்குக் கிடைத்தவை பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. நடுவில் நிற்கிற எண்கள், ஒரு பக்கமாகச் சொல்ல முடியாது. "மறுபடி மண் எடுத்துட்டு வரச் சொல்லலாம் சார்," என்றேன். "பதினைஞ்சைத் தாண்டலல்ல? வெள்ளைன்னு போடும்மா. பயந்து எழுதினா யாரும் நம்மள கேக்கமாட்டாங்க," என்றார் தலைவர். அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் மெச்சிய அந்தக் கையெழுத்தை அன்றைக்குப் போட்டேன். யாருடைய வயல் என்று தெரிந்துதான் போட்டேன். உண்மையில் சொந்தக்காரர் வயல் என்று சொல்லி விலகியிருக்க வேண்டும். உங்களுக்குச் சாதகம் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று வீம்புக்குப் போட்டேன்.

திட்டுங்கள். ஆனால் தினமும் பாருங்கள். அடையாளக் குச்சி நட்டு, வயலின் எல்லாப் பக்கமும் பாருங்கள். மஞ்சள் காட்டாமல் நேராகப் பழுப்பானால் அதையும் அப்படியே எழுதுங்கள். இன்னொரு பொய்யை என்னால் தாங்க முடியாது.

பாப்பா

---

மே 8

பாப்பாவுக்கு,

ஆறு! ஒரு கிலோ கத்திரிக்காய் வாங்கினால்கூட நான் அதைவிட அதிகம் புரட்டிப் பார்ப்பேன்.

உன் கடிதத்தை நான் இரண்டு நாள் தொடவில்லை. உன் அண்ணன்தான் எடுத்துப் படித்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு பொய் சொல்லியாச்சு. இனிமே புழு சொல்லட்டும், நீங்க சும்மா இருங்க!" என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை, தீராது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். வயல் வாசல் பக்கம் ஐந்து குச்சி, மேல்வயலில் பதினைந்து குச்சி. ஆறாம் தேதி எல்லாம் வெள்ளை. ஏழாம் தேதியும் வெள்ளை. இன்று மேல்வயலில் மூன்று செடியில் கொஞ்சம் வெண்ணெய் நிறம். மஞ்சளா என்று உன் அண்ணனைக் கேட்டேன். வெயிலில் பார்த்தார், நிழலில் பார்த்தார், தோளைக் குலுக்கினார். மஞ்சள் என்று எழுத எனக்குக் கை பரபரக்கிறது. எழுதவில்லை. வெண்ணெய் நிறம் என்றே எழுதுகிறேன்.

உன் அண்ணி

---

மே 11

அண்ணிக்கு,

வெண்ணெய் நிறம் என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி. அந்த நிறம் இரண்டு வகையிலும் வரும். பொறுங்கள்.

இன்று தலைவரிடம் போய், என் கையெழுத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். "கல்யாணப் பத்திரிகையா இது, தேதி மாத்தி அடிக்கிறதுக்கு? போய் வேலையைப் பாரும்மா," என்றார். எழுதிக் கொடுத்தால் வாங்குவீர்களா என்று கேட்டேன். எழுதினால் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்றார். எந்த வீடு என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் வந்துவிட்டேன். ஆனால் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பாப்பா

---

மே 14

பாப்பாவுக்கு,

மேல்வயலில் பதினைந்து குச்சியிலும் மஞ்சள். இந்தத் தடவை லென்ஸே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிகிறது. வெண்ணெய் நிறம் பத்தாம் தேதி எலுமிச்சை ஆனது, நேற்று முட்டையின் மஞ்சள்கரு ஆனது. இரண்டொன்று ஓரத்தில் பழுப்பு ஏறத் தொடங்கிவிட்டது. செடியைத் தோண்டி எடுக்காமல், திறந்த வேரை மட்டும் ஈரத்துணியால் மூடி வைத்திருக்கிறேன்.

மீதியையும் எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது, அதுதான் நேற்று முழுக்க என்னைப் படுத்தியது. வாசல் பக்கத்து ஐந்து குச்சியில் மஞ்சள் இல்லை. வெள்ளை, அப்புறம் அழுக்கு வெள்ளை, இன்று பழுப்பு. நடுவில் ஒரு நாள்கூட மஞ்சள் தட்டவில்லை. காலையிலும் பார்த்தேன், மத்தியானமும் பார்த்தேன். ஊரில் இருக்கிற வயல் மண்ணெல்லாம் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு லாரி வந்து நிற்கிற இடம் அது. அங்கே உன் வெள்ளை வகைதான் இருக்கிறது.

ஒரு செடிகூடப் பிடுங்கமாட்டேன் என்றவள், இன்று வாசல் பக்கம் நாலு வரிசையையும் என் கையால் பிடுங்கினேன். வேர் அறாமல், உதிர்ந்து மண்ணில் விழும் முன்னால். அங்கேயே குழி வெட்டி எரித்தேன். கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தது. அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம். இதை நானாகச் செய்தேன், உங்கள் காகிதத்துக்காக இல்லை. மேல்வயலைத் தொட யார் வந்தாலும் விடமாட்டேன்.

என்னை அங்கே யாரும் நம்பமாட்டார்கள். என்ன செய்வாயோ செய்.

உன் அண்ணி

---

மே 16

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கிடங்குக்குப் போய் உங்கள் மண் பையைத் தேடி எடுத்தேன். அதில் ஒட்டிய சீட்டில் ஒரே வார்த்தை: வாசல். வயல் முழுக்க நடந்து நூறு இடத்தில் எடுக்க வேண்டிய மண். எடுத்தவரைப் பிடித்துக் கேட்டேன். வயலுக்குள் போனால் திரும்பும்போது பூட்ஸை மருந்துத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், புழு பரவாமல் இருக்க நாங்களே போட்ட விதி. "ஒரு நாளைக்கு எட்டு வயல், எட்டுத் தடவை யாருங்க கழுவுறது?" என்றார். அதனால் வாசலிலேயே நின்று அள்ளியிருக்கிறார். எத்தனை வயலுக்கு இப்படி என்று கேட்டேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கையெழுத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை இன்று கொடுத்துவிட்டேன். ஆறு என்றும் எழுதினேன், வாசல் என்றும் எழுதினேன், நீங்கள் பிடுங்கிய நாலு வரிசையையும் எழுதினேன். நகல் தலைவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் போயிருக்கிறது. தலைவர் கத்தினார். நான் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டேன்.

சொந்தக்காரர் வயலில் கால் வைக்கக் கூடாது என்ற விதியை நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு மீறப் போகிறேன். வேறு ஆய்வகத்திலிருந்து இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டி வருகிறேன். வேரை நானே வெட்டி, அவர்கள் முன்னால் வைத்து மஞ்சள் எத்தனை, வெள்ளை எத்தனை என்று எண்ணுவேன். இந்தத் தடவை இருபத்தைந்து இல்லை, நூறு. நீங்கள் என்னோடு பேச வேண்டாம், பேசினால் அவர்கள் அதையும் எழுதிக்கொள்வார்கள். வாசலைத் திறந்து வைத்தால் போதும்.

பாப்பா

---

ஜூன் 4

பாப்பாவுக்கு,

புது உத்தரவு வந்தது. வாசல் பக்கத்துத் துண்டு ஏழு வருஷம் சும்மா கிடக்க வேண்டும், சரி. மேல்வயல் பயிர் அறுவடை வரை நிற்கலாம், அடுத்த வருஷம் எதிர்ப்பு ரகம். கீழே யாரோ ஒருவர் கையெழுத்து, பார்க்கச் சகிக்கவில்லை. உன் அண்ணன் வயல் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "நிக்குது," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் அந்தச் சாட்சி அம்மா சொல்லி. நீ எனக்கு எழுதவில்லை. எங்கள் வயல் பிழைத்துவிட்டது, இனி உன் சங்கடம் உன்னோடு என்று நினைத்துவிட்டாயா? அன்றைக்கு வெயிலில் நாலு மணி நேரம் குனிந்து நூறு எண்ணினாயே, பேசக் கூடாது என்று சொன்னதால் ஒரு வாய் தண்ணீர்கூட உன்னிடம் நீட்டாமல் நின்றேன். அதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

விசாரணை பன்னிரண்டாம் தேதியாம். வருகிறேன். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்கு விதி எழுதி அனுப்பாதே. விடாவிட்டால் கதவுக்கு வெளியே உட்காருவேன், எனக்கு வரப்பில் உட்கார்ந்து பழக்கம். உன் அண்ணனும் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டார்.

ஆறுதான் எண்ணினேன் என்று அவர்கள் முன்னால் சொல்லும்போது தலையைக் குனியாதே. தப்பைச் சொல்லு, சொன்ன கையோடு நிமிர்ந்து, அதை எழுதச் சொன்னது யார் என்பதையும் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தே சொல்லு. மெல்லச் சொல்லாதே. கதவுக்கு வெளியே எனக்குக் கேட்க வேண்டும்.

உன் அண்ணி